பட்டிக்காடு: நாற்பத்திரண்டாம் சீட்டு

மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

மாமா நேற்று போன் செய்தார். நீ பக்கத்தில் இருக்கிறாயா என்று கேட்டேன். "காட்டுக்குப் போயிருக்கா" என்றார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு டாக்டர் சொன்னதைச் சொன்னார். இடது கண்ணைப் பற்றி இனிப் பேசிப் பயனில்லை. வலது கண்ணில் புரை முற்றி, உள்ளே அழுத்தம் ஏறிக்கொண்டிருக்கிறது. இரண்டு மாதத்துக்குள் அறுவை செய்யாவிட்டால் அதுவும் போய்விடும். அங்கே அதற்கான கருவி இல்லை, நகரத்துக்குத்தான் வர வேண்டும்.

கண் மருத்துவமனை என் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரம். அறுவைக்குப் பிறகு பத்து நாள் அருகிலேயே இருந்து காட்ட வேண்டுமாம். முன்னறையை ஒழித்துவிட்டோம். "அண்ணிக்குப் படி ஏறாம கீழயே படுக்கை போடலாம்" என்று உன் தம்பி பெண்டாட்டியே சொன்னாள். நீ வர வேண்டியதுதான் பாக்கி.

ஆடு, குட்டி என்று சாக்குச் சொல்லாதே. என் கல்யாணத்துக்கு வந்து மண்டபத்தோடு திரும்பினாய், ஆடு. மகள் பிறந்தபோது கூப்பிட்டேன், ஆடு. இருபத்தாறு வருஷமாக ஒரே ஆட்டையா மேய்க்கிறாய்?

இன்னொரு விஷயம். எங்கள் அகராதி 'ப'வுக்கு வந்துவிட்டது. எனக்குக் கொடுத்திருக்கிற சொற்களில் 'பட்டிக்காடு', 'பட்டிக்காட்டான்' இரண்டும் உண்டு. பழைய பதிப்பில் 'நாகரிகமற்றவன், மூடன்' என்று முடித்துவிட்டார்கள். எங்கிருந்து வந்தது, யார் யாரைச் சொன்னார்கள், எப்போது ஏளனமானது என்று ஒரு வரி இல்லை. பட்டியைப் பற்றி உனக்குத் தெரிந்த அளவுக்கு எங்கள் ஆபீசில் யாருக்கும் தெரியாது. நேரம் இருக்கும்போது எழுது.

வருகிற தேதியை முதலில் எழுது.

அன்புடன்,
தம்பி


மார்ச் 11

தம்பிக்கு,

வரி கோணினால் பொறுத்துக்கொள். கோடு தெரியவில்லை. உன் எழுத்து எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கிறது. மாமாவின் கண்ணாடியும் உடைந்து கிடக்கிறது. பால் வண்டிக்காரரைத்தான் படிக்கச் சொன்னேன். பட்டிக்காடு என்ற இடம் வந்ததும் அவர் நிறுத்தி என் முகத்தைப் பார்த்தார். "படிங்க, அதுவும் கடுதாசியில எழுதினதுதானே" என்றேன்.

நான் வரவில்லை. ஏழு ஆடு குட்டி போடும் நேரம். மாமாவுக்கு இடுப்பு வளையாது. பக்கத்து ஊருக்கு மாதம் ஒரு முறை கண் டாக்டர் வருகிறாராம். அங்கே காட்டிக்கொள்கிறேன். உன் வீட்டில் முன்னறையை எனக்காக ஒழிக்க வேண்டாம். சாமான்களைத் திரும்ப வைத்துவிடுங்கள்.

நீ கேட்டதற்குச் சொல்கிறேன். பட்டி என்றால் படல் கட்டி ஆடு மாடு அடைக்கிற இடம். அறுவடை முடிந்த நிலத்தில் படலை நட்டு ராத்திரிக்கு ஆட்டை அடைப்போம். ஆடு படுத்துப் புழுக்கை போட்ட நிலம் அடுத்த வெள்ளாமையில் தனியாகத் தெரியும். எங்கள் நிலத்தில் பட்டி போடுங்கள் என்று பெரிய பெரிய நிலக்காரர்களெல்லாம் நம் வாசலில் நின்றிருக்கிறார்கள். பட்டி இருந்த இடத்தில் நாலு வீடு வந்தால் அந்த ஊருக்கும் பட்டி என்றே பேர். காடு என்றால் நாங்கள் விதைக்கிற மேட்டு நிலம். புலி, கரடி இருக்கிற இடம் இல்லை. உங்கள் ஆபீசில் யாராவது அப்படி எழுதியிருந்தால் அடித்துவிடு. ஆக, பட்டியும் காடும் சேர்ந்தால் சோறு. அதில் மூடன் எங்கே வந்தான் என்று எனக்குத் தெரியாது.

யார் யாரைச் சொல்வார்கள் என்று கேட்டாய். பட்டணத்துக்காரன் மட்டும் சொல்கிறான் என்று நினைக்காதே. பெரிய ஊர்க்காரன் சின்ன ஊர்க்காரனைச் சொல்வான். சின்ன ஊர்க்காரன் பட்டியில் காவலுக்குப் படுக்கிறவனைச் சொல்வான். பட்டியில் படுக்கிறவன் சொல்வதற்கு ஆடுதான் பாக்கி. ஆனால் ரொம்ப அழுத்திச் சொல்கிறவன் யார் தெரியுமா? நேற்று பஸ்ஸிலிருந்து இறங்கினவன். இன்று இறங்குகிறவனைப் பார்த்துச் சொல்வான்.

பட்டியில் படுத்தவள் நான். பரீட்சைக்குப் படிக்கிறாய் என்று உன் முறைக்கும் நானே படுத்தேன். அதனால் நீ என்னைக் கேட்பது சரிதான். உனக்குத் தெரியாது என்று மட்டும் சொல்லாதே.

இப்படிக்கு,
அக்கா


மார்ச் 19

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடைசி வரியை நாலு முறை படித்தேன். எனக்கு என்ன தெரியும் என்கிறாய்? கோபம் என்றால் நேராகத் திட்டு. மாமாவைக் கேட்டேன். "ஆடெல்லாம் சும்மா மாப்ள. அவ உன் வீட்டுப் படி ஏற மாட்டேங்கிறா. ஏன்னு கேட்டா வாயில பூட்டு" என்றார். நான் என்ன செய்தேன்? நம் வீட்டுக்கு வருஷம் தவறாமல் வருகிறேன். நீயும் வயிறு நிறையப் போட்டுத்தான் அனுப்புகிறாய். என் வாசல் மட்டும் உனக்கு ஏன் ஆகாது?

பக்கத்து ஊருக்கு வரும் டாக்டரைப் பற்றி விசாரித்தேன். அவர் கண்ணாடி எழுதிக் கொடுப்பார், அவ்வளவுதான். கத்தி எடுக்க மாட்டார். இதற்குள் பதினைந்து நாள் போய்விட்டது. குட்டி போடும் ஆடுகளைப் பார்க்க நான் லீவு போட்டு வருகிறேன். சிரிக்காதே. ஒரு காலத்தில் எனக்கும் தெரியும்.

நீ எழுதியதை ஆசிரியரிடம் படித்துக் காட்டினேன். "சொல்வதற்கு ஆடுதான் பாக்கி" என்ற இடத்தில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு, "நல்லா இருக்கு. ஆனா சீட்டு வேணுமே" என்றார்.

எங்கள் வேலை முறை அது. ஒரு சொல்லுக்குப் பொருள் எழுதுவதற்கு முன்னால், அந்தச் சொல்லை யாரோ உண்மையில் பயன்படுத்திய வாக்கியங்கள் வேண்டும். ஒவ்வொன்றும் உள்ளங்கை அளவு அட்டையில் இருக்கும். அதுதான் சீட்டு. அச்சில் வந்ததானால் பக்க எண் வேண்டும். பேச்சில் கேட்டதானால் சொன்னவர், யாரைப் பற்றி, இடம், நாள், தொனி என்று ஐந்து கட்டம். எவ்வளவு மோசமான வாக்கியமானாலும் வந்த சீட்டைக் கிழிக்கக் கூடாது. நான் சேர்ந்த காலத்தில் ஒரு துணையாசிரியர் இருந்தார். வெற்றுச் சீட்டுகளால் அவர் சட்டைப்பை எப்போதும் புடைத்திருக்கும். அவருக்குப் பேரே 'சட்டைப்பை'. டீக்கடையில் யாராவது சண்டை போட்டால் விலக்கிவிட மாட்டார், எழுதிக்கொள்வார்.

என் சொல்லுக்கு அச்சுச் சீட்டு நாற்பத்தொன்று இருக்கிறது. எல்லாம் கதைகளிலும் நாடகங்களிலும் வந்தவை. பேச்சுச் சீட்டுகள் கீழே பழைய அலமாரியில் இருக்கின்றன. அடுத்த வாரம் எடுத்துத் தருகிறார்கள்.

தேதி எழுது, அக்கா.

தம்பி


மார்ச் 27

அக்கா,

பெரிய எழுத்தில், பக்கத்துக்கு எட்டு வரியாக எழுதியிருக்கிறேன். வெயிலில் உட்கார்ந்து நீயே படி. எவ்வளவு நேரமானாலும் பரவாயில்லை. பால் வண்டிக்காரரிடம் கொடுக்காதே. மாமாவிடமும் வேண்டாம்.

பேச்சுச் சீட்டு வந்துவிட்டது. ஒன்றே ஒன்று. சட்டைப்பையின் கையெழுத்து. அதில் இருப்பதை அப்படியே எழுதுகிறேன்.

"யாருமில்ல சார். ஊர்ல தெரிஞ்சவங்க. பட்டிக்காடு, கேக்காம உள்ள வந்துட்டாங்க."
சொன்னவர்: அலுவலக எழுத்தர், வயது 24.
யாரைப் பற்றி: பார்க்க வந்த ஒரு பெண்.
இடம்: மாடிப்படி.
நாள்: ஆகஸ்ட் 9.
தொனி: சிரிப்பு.

வருஷமும் போட்டிருக்கிறார். நான் வேலைக்குச் சேர்ந்த ஐந்தாவது மாதம். அந்த ஆபீசில் அப்போது இருபத்துநாலு வயது எழுத்தர் ஒருவன்தான்.

அந்தப் பெண் நீ.

அன்றைக்கு நீ கீழே செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு மாடி ஏறி வந்தாய். ஒரு வீட்டுக்குள் போகிற மாதிரி. கட்டட வாசலில் தனியாகக் கிடந்த செருப்பைப் பார்த்து மேலே நாலு பேர் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நான் ஓடிவந்து, "கீழ இரு, இதோ வர்றேன்" என்றேன். நீ இறங்கத் திரும்பினாய். "யாருப்பா அது?" என்று பின்னாலிருந்து கேட்டார்கள். நான் சொன்ன பதில்தான் சீட்டில் இருக்கிறது. அரைமணி கழித்து வந்தபோது நீ இல்லை. வாட்ச்மேன் ஒரு கம்பளியைக் கொடுத்தார். "பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு போய்ட்டாங்க" என்றார். அறை குளிர்கிறது என்று நான் எழுதியிருந்ததற்காக நம் ஆட்டு மயிரில் நெய்து எடுத்து வந்திருந்தாய்.

பஸ்ஸுக்கு நேரமானது என்றே இருபத்தாறு வருஷமாக நம்பினேன். நம்புவது வசதியாக இருந்தது என்பதுதான் சரி. சொன்ன வார்த்தையை மறந்தும் போனேன். மறந்தது பொய்யில்லை. அதுதான் எனக்கு இன்னும் அசிங்கமாக இருக்கிறது.

நேற்று பகல் சாப்பாட்டு வேளை. அறையில் யாரும் இல்லை. சீட்டைக் கிழித்துக் குப்பையில் போட எல்லா வசதியும் இருந்தது. கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். கடைசியில் சீட்டுத் தட்டிலேயே வைத்துவிட்டேன். உனக்குத் தெரியாமல் கிழித்தால் இரண்டாவது முறையும் அதையே சொன்ன மாதிரி ஆகும்.

நீ கேட்டாயா, அக்கா? படியில் எந்த இடத்தில் இருந்தாய்?

என் வீட்டுக்கு வர வேண்டாம். மருத்துவமனைக்குப் பக்கத்தில் வேறு அறை பார்க்கிறேன். என் முகத்தில் விழிக்காமலே இருந்துவிட்டுப் போ. கண்ணை மட்டும் விட்டுவிடாதே.

தம்பி


ஏப்ரல் 5

தம்பிக்கு,

படிக்க மூன்று நாள் ஆனது. பாறை மேல் உட்கார்ந்து, ஒரு வரிக்கு ஒரு முறை கண்ணைத் துடைத்துத் துடைத்துப் படித்தேன். கண்ணில் நீர் வடிகிறது, அது புரையால். நீ வேறு ஏதாவது நினைத்துக்கொள்ளாதே. ஓர் ஆடு வந்து ஒரு தாளின் மூலையைத் தின்றுவிட்டது. 'வசதியாக இருந்தது' என்ற இடம் வரை போயிற்று.

கேட்டேன். படி திரும்புகிற இடத்தில் ஜன்னல் ஒன்று உண்டு. அதன் கீழே நின்றேன்.

அந்தச் சட்டைப்பை நல்ல மனிதராக இருக்கலாம், காது சரியில்லை. நீங்கள் பொருள் எழுதிப் புத்தகம் போடுகிறவர்கள். தப்பாக எழுதி வைத்துக்கொண்டு நாலு பேருக்குச் சொல்லிக் கொடுக்காதீர்கள். திருத்திக்கொள்.

ஒன்று. நீ "ஊர்ல தெரிஞ்சவங்க" என்று சொல்லவில்லை. "ஊர்ல இருந்து யாரோ" என்றாய். தெரிஞ்சவங்க என்றிருந்தால் நான் கீழே உட்கார்ந்தே இருந்திருப்பேன்.

இரண்டு. 'பார்க்க வந்த ஒரு பெண்' என்று இருக்கிற கட்டத்தில் 'அக்கா' என்று போடு.

மூன்று. தொனி சிரிப்பு என்று எழுதியிருக்கிறார். சிரித்தது அவர்கள். நீ சிரிக்கவில்லை. உன் குரல் எனக்குத் தெரியாதா? சின்ன வயதில் நரி வந்தபோது "படல் கட்டியிருக்கு, படல் கட்டியிருக்கு" என்று சொல்லிக்கொண்டே நடுங்குவாயே, அதே குரல். பயம் என்று போடு.

அந்தப் பயத்தைக் கேட்டதால்தான் நான் அன்றைக்கு மேலே ஏறி வந்து உன் காதைத் திருகவில்லை. அந்த வார்த்தையைக் கேட்டதால் உன் வாசலுக்கும் வரவில்லை. இரண்டும் சேர்ந்தேதான் இருபத்தாறு வருஷம் இருந்தது. கேட்டால் நீ இல்லை என்று சொல்லிவிடுவாயோ என்று கேட்கவும் இல்லை. வருஷா வருஷம் நீ வந்து உட்கார்ந்து சாப்பிடும்போது, இன்றைக்குச் சொல்வான் என்று பார்ப்பேன். நீ குழம்பில் உப்புக் குறைவு என்பாய்.

வேறு அறை பார்க்க வேண்டாம். அங்கே யார் எனக்குக் கண்ணில் மருந்து விடுவது? பதினெட்டாம் தேதி வருகிறேன். மாமாவின் தங்கை வந்து ஆட்டைப் பார்த்துக்கொள்கிறாள். நீ லீவு போட்டு வர வேண்டாம், ஏழு குட்டியும் பிழைக்க வேண்டும்.

ஆனால் முதலில் உன் ஆபீசுக்குத்தான் வருவேன். அந்தப் படியில் ஏறி அந்தச் சீட்டை என் கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். இந்தத் தடவை செருப்பைக் கழற்ற மாட்டேன்.

அக்கா


ஏப்ரல் 11

அன்புள்ள அக்காவுக்கு,

இதுவும் பெரிய எழுத்தில்தான். ஆனால் யார் வேண்டுமானாலும் படிக்கலாம்.

சீட்டில் இருப்பது நான் என்று ஆசிரியரிடம் சொன்னேன். சீட்டைத் திருத்த வேண்டும் என்றேன். "கேட்டவர் வந்து கையெழுத்துப் போட்டாத்தான் திருத்த முடியும். நம்ம விதி அது" என்றார். "பதினெட்டாம் தேதி வர்றாங்க" என்றேன். நாட்காட்டியில் குறித்துக்கொண்டார்.

பொருளை இப்படி எழுதியிருக்கிறேன். 'பட்டிக்காடு: 1. ஆடு மாடு அடைக்கும் பட்டியும் விளைநிலமும் சார்ந்த சிற்றூர். 2. (ஏளனமாக) அத்தகைய ஊரினர். பெரும்பாலும், அங்கிருந்து தமக்குப் பின்னால் வருபவரைக் குறித்து முன்னால் வந்தவர் சொல்வது.' மூடன் போய்விட்டான். நீளம் என்று ஆசிரியர் முணுமுணுத்தார். அடிக்கவில்லை.

வீட்டிலும் சொன்னேன். உன் தம்பி பெண்டாட்டி அந்தக் கம்பளியை எடுத்து உன் படுக்கையில் விரித்தாள். "உங்களுக்கு இனிமே போர்வை கிடையாது" என்றாள்.

பஸ் நிலையத்தில் மூன்றாம் வாசலில் நிற்பேன். அசையாமல் அங்கேயே நில்.

தம்பி


ஜூன் 9

தம்பிக்கு,

நலம். இன்று காலை படலின் மேல் ஓணான் தலையாட்டியதைப் பத்தடி தூரத்திலிருந்து பார்த்தேன். மாமாவுக்கு இவ்வளவு நரைத்துவிட்டது என்று எனக்குத் தெரியாமல் போயிற்று. "டாக்டரு அளவுக்கு மேல திறந்துட்டாரு" என்கிறார் அவர். உன் பெண்டாட்டி மருந்து விட்ட கை நல்ல கை என்று சொல். ஊரிலும் சொல்லியிருக்கிறேன்.

அன்றைக்கு ஆபீசில் நடந்ததை மாமாவிடம் சொன்னேன். திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்லிச் சிரிக்கிறார். இருபத்தாறு வருஷம் காத்திருந்து செருப்போடு படி ஏறினால், உங்கள் சீட்டு அறை வாசலில் 'காலணிகளைக் கழற்றவும்' என்று பலகை! தூசி ஆகாதாம். எனக்கு அன்று பலகை எங்கே தெரிந்தது? சுவர்தான் தெரிந்தது. நேராக உள்ளே போய்விட்டேன். அங்கே சீட்டு எடுத்துக் கொடுக்கிற அந்தச் சின்னப் பெண், "ஏம்மா, போர்டு பாக்கல? எந்த ஊரும்மா நீங்க, கேக்காம உள்ள வர்றீங்க?" என்றாள். நீ பதில் சொன்னாய். அவள் பாவம், முகம் செத்துவிட்டது. அவள் கேட்டதில் ஒரு தப்பும் இல்லை. தூசி ஆகாதென்றால் ஆகாதுதான். நீ அவ்வளவு சத்தம் போட்டிருக்க வேண்டாம். அவளிடம் நான் சொன்னேன் என்று சொல்.

பழைய சீட்டில் நான் கையெழுத்துப் போட்டபோது கோட்டுக்கு வெளியே போய்விட்டது. அப்போது கண் அப்படி. வரும்போது உன் மேஜையிலிருந்து ஒரு வெற்றுச் சீட்டை எடுத்துக்கொண்டு வந்தேன். கேட்காமல்தான் எடுத்தேன். இப்போது நிரப்பி இதோடு வைத்திருக்கிறேன். உள்ளங்கை அளவு அட்டையில் எழுத்து அடங்குகிறது, பார். எந்தச் சொல்லுக்கு எந்தத் தட்டில் போடுவது என்பது உங்கள் வேலை.

"எங்க அக்கா. செருப்போடயே வரட்டும். நான் கூட்டிக்கறேன்."
சொன்னவர்: அகராதிக்காரர், வயது 50.
யாரைப் பற்றி: என்னை.
இடம்: சீட்டு அறை வாசல்.
நாள்: ஏப்ரல் 18.
தொனி: கீழே வாட்ச்மேன் வரைக்கும் கேட்டது.

அக்கா